சோழவரத்து ஓடுபாதை

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குத் மெக்கானிக் தொழிலின் பழைய கதையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுத் தம்பிகள் வந்து கேட்டார்கள். எங்கே தொடங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் அந்தக் காலத்தில் ஸ்பேனர் பிடித்தவர் யாரைக் கேட்டாலும் ஓர் ஊரின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். கிண்டி ரேஸ் குதிரைக்கு, சோழவரம் ரேஸ் வண்டிக்கு. சென்னையில் நம் தொழிலுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்றால் அது சோழவரத்தில்தான் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் திறந்திருந்த பள்ளிக்கூடம்.

இளைய உறுப்பினர்கள் பலருக்குச் சோழவரம் என்றால் ஏரி. மழை பொய்த்த வருடங்களில் பத்திரிகையில் அதன் நீர்மட்டம் வரும். கல்கத்தா நெடுஞ்சாலையில் மூலக்கடை, மாதவரம், புழல் தாண்டி, அரிசி மண்டிகளும் ரைஸ் மில்களும் நிறைந்த செங்குன்றத்தைக் கடந்து இன்னும் வடக்கே போனால் அந்த ஊர் வரும். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. பாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

உலகத்தில் பல ஊர்களில் இதே கதைதான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களமும் போர்க்கால விமானதளம்தான். 1950இல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டித் தொடரின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த ஓடுபாதையும் இப்படித்தான் பந்தயக் களமாயிற்று. விமானத்துக்காகப் போட்ட தரை சமமாக, அகலமாக, நீளமாக இருக்கும். பக்கத்தில் வீடோ மரமோ இருக்காது. வண்டியை அதன் முழு வேகத்துக்கு விட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் இந்து சந்தோக்கும் ஒருவர். இந்தியா முழுவதற்குமான மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு 1971இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், சென்னைக்காரர்கள் எவ்வளவு முந்தியவர்கள் என்பது புரியும். அந்த கிளப்தான் சோழவரத்து ஓடுபாதையைப் பந்தயக் களமாக்கி, 1980களின் இறுதிவரை அங்கே போட்டிகளை நடத்தியது. இந்து சந்தோக்கின் மகன் விக்கி சந்தோக் அதே பாதையில் கார் ஓட்டினார். பேரன் கருண் 2010இல் ஃபார்முலா ஒன் வரை போனார். மூன்று தலைமுறைக்கும் வேர் செங்குன்றத்துக்கு வடக்கே உள்ள அந்தத் தரையில்தான் இருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். சோழவரம் யாருக்கும் சொந்தமான பந்தயக் களமாக ஒருநாளும் இருந்ததில்லை. அது இரவல் மண். நிரந்தரமான கட்டடம் கிடையாது, கேலரி கிடையாது. பொங்கல் கழிந்து பிப்ரவரி நெருங்கும்போது சவுக்குக் கழிகள் வந்து இறங்கும். கயிறு கட்டுவார்கள், கீற்றுக் கொட்டகை போடுவார்கள். வண்டிகள் நிற்கும் பிட் பகுதியிலும் தலைக்குமேல் தார்ப்பாய்தான். அறுவடை முடிந்த சமயம் என்பதால் சுற்றுக் கிராமங்களில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வளைவுகளில் வைக்கோல் கட்டும் பழைய டயரும் அடுக்கிவிட்டால் களம் தயார். ஞாயிறு சாயங்காலம் கடைசிப் பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்க்கத் தொடங்குவார்கள். ஊர்ப் பிள்ளைகள் வைக்கோலைத் தலைச்சுமையாக வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோவதை நானே பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பந்தயம் நடந்த அடையாளமே இருக்காது. தரையில் ரப்பர் கோடுகள் மட்டும் இருக்கும்.

நான் முதலில் போனது 1975 பிப்ரவரியில். எனக்கு வயது பதினைந்து. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பட்டறையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மேஸ்திரி அதுவரை என்னிடம் தந்திருந்த வேலை மண்ணெண்ணெயில் பாகம் கழுவுவது, டீ வாங்கி வருவது, டூல்களை எண்ணி வைப்பது. அன்றைக்கு முந்தின ராத்திரி, "டேய், காலையில நாலு மணிக்கு வந்துடு. சோழவரம் போறோம்" என்றார். நான் வீட்டுக்கே போகவில்லை. பட்டறை வாசலில் படுத்துக்கொண்டேன்.

பாரிமுனையிலிருந்து செங்குன்றம் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கி வழிந்தது. செங்குன்றத்திலிருந்து ஜனங்கள் லாரியிலும் சைக்கிளிலும் நடந்தும் போனார்கள். கையில் புளிசாதப் பொட்டலம், தலையில் துண்டு. பெரிய வீட்டுப் பிள்ளைகள் காரில் வந்தார்கள். துறைமுகத் தொழிலாளி வந்தார், கல்லூரி மாணவர் வந்தார், ரைஸ் மில் மூட்டை தூக்குகிறவர் வந்தார். சென்னையில் இத்தனை விதமான மனிதர்கள் ஒரே கயிற்றுக்குப் பின்னால் நின்று ஒன்றையே பார்த்தது வேறெங்கே? எனக்குத் தெரிந்து மெரினாவில் மட்டும்தான்.

களம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே ஒரு வாசனை வந்தது. அந்தக் காலத்து ரேஸ் ஆயில் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்தது. சூடான எஞ்சினில் அது எரியும்போது கிளம்பும் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்றால் குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். அதே எண்ணெய் சோழவரத்தில் எங்களுக்கெல்லாம் சாம்பிராணிப் புகைபோல இருந்தது. இன்றும் பழைய ஆட்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் யார் ஜெயித்தார் என்று தொடங்குவதில்லை. "அந்த வாசனை ஞாபகம் இருக்கா?" என்றுதான் ஒருவர் மற்றவரைக் கேட்பார்.

அடுத்தது சத்தம். கொடி விழுவதற்கு முன் எல்லா வண்டியும் முறுக்கிக்கொண்டு நிற்கும். புல்லட்டின் அடித்தொண்டை, ஜாவாவின் கணீர் சத்தம், சைலன்சரை மாற்றிய ராஜ்தூத்தின் கீச்சுக்குரல் என்று கண்ணை மூடிக்கொண்டே எந்த வண்டி எது என்று சொல்லிவிடலாம். கொடி இறங்கியதும் அத்தனையும் ஒன்றாகிவிடும். நீண்ட நேர்பாதையில் வண்டிகள் தூரம் போகப் போகச் சத்தம் மெலிந்து வண்டு ரீங்காரம்போல ஆகும். அப்போது கூட்டத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள். திரும்பி வரும் முதல் வண்டி யாருடையது என்று எல்லோர் கழுத்தும் ஒரே பக்கம் நீண்டிருக்கும்.

அந்த வண்டிகளைப் பற்றிச் சொல்லாமல் நம் தொழிலின் வரலாறு முழுமையாகாது. தொடக்க வருடங்களில் ஓடியவை பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள். நார்ட்டன், ட்ரையம்ப், பி.எஸ்.ஏ. பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்த ‘டிஸ்போசல்’ வண்டிகளை வாங்கித் தேற்றி ஓட்டினார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலை வந்தது. வடசென்னையில் வீட்டுக்கு வீடு ஃபிட்டர் உருவானது அதனால்தான். அறுபதுகளில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது, எழுபதுகளில் அதுவே யெஸ்டி ஆயிற்று. வெளிநாட்டு வண்டியோ பாகமோ இறக்குமதி செய்வது லேசான காரியமில்லை. கடையில் வாங்குகிற அதே வண்டியைத்தான் ரேஸ் வண்டியாக்க வேண்டும். எந்தப் புத்தகமும் எங்கள் கைக்கு வரவில்லை. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவுவது, போர்ட்டை அரத்தால் ராவி உயர்த்துவது, தகட்டைச் சுருட்டி வெல்டு வைத்து சைலன்சர் செய்வது, ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாமா குறைக்கலாமா என்று வாதாடுவது, எல்லாம் செய்து பார்த்தே கற்றது. கற்றது சரியா தப்பா என்பதைச் சோழவரம் சொல்லிவிடும்.

எனக்கு அது எப்படிச் சொன்னது என்பதை எழுதுகிறேன்.

1978 என்று நினைவு. எங்கள் பட்டறை ஒரு கல்லூரி மாணவருக்காக யெஸ்டி தயார் செய்திருந்தது. சனிக்கிழமை நண்பகல் பிராக்டிஸ். மேஸ்திரி அவரிடம், "சார், நேர்பாதையில முழு த்ராட்டில் புடிச்சு, கடைசியில த்ராட்டிலைக் குறைக்காம சாவியை ஆஃப் பண்ணி, கிளட்ச்சைப் புடிச்சு அப்படியே உருட்டிக்கிட்டு வாங்க" என்றார். வண்டி சத்தமில்லாமல் உருண்டு வந்து நின்றது. மேஸ்திரி பிளக்கைக் கழற்றி, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளங்கையில் நிழல் கட்டி அதைப் பார்த்தார். முனை அசல் காபிப்பொடி நிறத்தில் இருந்தது. கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். வண்டியை ஓட்டிப் பார்க்கும் சோதனைகளிலேயே பெரிய சோதனை அந்தப் பிளக் முனைதான். மேஸ்திரி அதை என் கையில் கொடுத்து, "இந்தக் கலரை மனசுல வெச்சுக்கடா" என்றார்.

ராத்திரி அங்கேயே தார்ப்பாயின் கீழ் படுத்தோம். ஞாயிறு விடியும்போது நல்ல பனி. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று குளிர்ந்திருந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எஞ்சினுக்குள் காற்று கூடுதலாகப் போகும், அதற்கேற்ப பெட்ரோலும் கூடவேண்டும். நண்பகலுக்குச் சரியாக இருந்த ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைத்திருகு, விடியற்காலைக்குப் போதாது. மேஸ்திரி என்னை எழுப்பி, மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றிப் போடச் சொல்லிவிட்டு, பேர் கொடுக்கும் இடத்துக்குப் போனார். நான் கார்புரேட்டரைத் திறந்தேன். பக்கத்து பிட்டில் யாரோ டூல் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து மூடினேன். மாற்றவேண்டிய ஜெட் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

முதல் பந்தயத்தில் மூன்றாவது சுற்று. எங்கள் வண்டி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. நேர்பாதையின் நடுவில் சத்தம் சட்டென்று இறுகியது. கம்பியை முறுக்கினால் வரும் சத்தம்போல இருந்தது. பின் சக்கரம் ஒரு கணம் நின்று தரையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அவ்வளவுதான், அதற்குள் கிளட்ச் லீவர் அழுத்தப்பட்டுவிட்டது. ஓட்டியவர் இடது கையின் இரண்டு விரல்களைக் கிளட்ச் லீவரில் வைத்தபடியே ஓட்டுகிற பழக்கமுள்ளவர். அதையும் மேஸ்திரிதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு விரல்களால்தான் அவர் பிழைத்தார். வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

மேஸ்திரி என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அன்று மாலை சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் கீறியதுபோல நான்கு கோடுகள் இருந்தன. அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார். "வீட்டுல வெச்சுக்க. தினமும் பார்" என்றார். நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்த பிஸ்டன் என் மேசைமீது இருந்தது. என்னிடம் வேலை கற்ற பையன்கள் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே அதைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படி ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு சோழவரக் கதை உண்டு. ஜெயித்தவர்களின் பெயர் கோப்பையில் இருக்கும். தோற்ற எஞ்சினைத் திறந்து பார்த்துத் திங்கட்கிழமை முதல் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கினோமே, அது எங்கேயும் எழுதப்படவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் மெக்கானிக்குகளுக்குக் கைத்திறன் ஏறியது அதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் காலத்தில் பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வண்டியை ரயிலேற்றிக்கொண்டு வந்து, சென்னைப் பட்டறைகளில் வேலை வைத்துக்கொண்டு போவார்கள். இலங்கையிலிருந்தும் வீரர்கள் வருவார்கள்.

கார்ப் பந்தயங்களுக்குத்தான் பத்திரிகைகளில் அதிக இடம். விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து எண்பதுகளில் சோழவரத்தில் ஓட்டினார். அன்று அதைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனாலும் என் மனதில் அந்தக் காரைவிடப் பெரிய இடம் கோவை கரிவர்தனுக்குத்தான். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. காசு கொடுத்து வெளிநாட்டுக் கார் வாங்கியிருக்கலாம். அவர் கையில் கிரீஸ் ஆக்கிக்கொண்டு இந்தியப் பாகங்களை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். மாருதி எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் 1988இல் வந்தன. நாராயண் கார்த்திகேயன் உட்பட அடுத்த தலைமுறை கார் ஓட்டக் கற்றது அவற்றில்தான். 1995இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தபோது நம் பட்டறைகள் பலவற்றில் அன்று வேலை ஓடவில்லை. 2003இல் கோவையில் திறந்த களத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரை வைத்தார்கள். தகுதியான மரியாதை.

எண்பதுகளில் பைக் பந்தயத்தின் முகம் மாறியது. ஜப்பானியக் கூட்டில் புதிய வண்டிகள் வந்தன. 1983இல் ராஜ்தூத் 350, அடுத்த வருடம் இண்ட் சுசுகி, அதற்கடுத்து ஆர்எக்ஸ் 100. ஓசூர் டிவிஎஸ் நிறுவனம் 1982இலேயே ரேஸுக்கென்று தனி அணி வைத்துவிட்டது. கம்பெனி அணிகள் வந்ததும் பிட்டில் சீருடை வந்தது, பெட்டி பெட்டியாக பாகம் வந்தது. சந்துப் பட்டறைகளுக்கு இனி வேலை இல்லை என்று சிலர் பயந்தார்கள். நடந்தது வேறு. அந்த அணிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. சோழவரத்தில் பழகிய கைகளைத்தான் தேடி வந்தார்கள். நம் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகள் சிலர் இன்றும் அப்படிப்பட்ட வேலையில் இருக்கிறார்கள்.

வேகம் ஏறியது. கயிறும் சவுக்குக் கழியும் அப்படியே இருந்தன. பாதை ஓரத்தில் நின்ற கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகியது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்த்து வயிறு கலங்கிய நாள் எனக்கு உண்டு. இரவல் மண்ணில் சுவர் எழுப்ப முடியாது, வளைவை மாற்றிப் போட முடியாது. கிளப் தனக்கென்று நிலம் தேடியது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமான களம் உருவாகி, 1990இல் பந்தயங்கள் அங்கே போயின. அது தேவையான மாற்றம். அங்கே தடுப்பும் மருத்துவ வசதியும் இருப்பதால் பிழைத்த உயிர்கள் உண்டு. சோழவரத்தின் மேல் உள்ள பிரியத்தால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் சோழவரத்தில் கடைசியாகப் பந்தயம் நடந்து முடிந்தபோது, அது கடைசி என்று எங்களில் பலருக்குத் தெரியவில்லை. வழக்கம்போல ஞாயிறு சாயங்காலம் சவுக்குக் கழியை அவிழ்த்தார்கள். வழக்கம்போல வைக்கோல் போயிற்று. அடுத்த பிப்ரவரியில் கழி வந்து இறங்கவில்லை.

2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் கார்ப் பந்தயம் நடந்தபோது என் பேரன் என்னை அழைத்துப்போனான். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். "தாத்தா, மெட்ராஸுல இதுதான் ஃபர்ஸ்ட் ரேஸா?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சோழவரத்தில் ஒரு கல்வெட்டு இருந்திருந்தால் காட்டியிருப்பேன். படம் இருந்தால் காட்டியிருப்பேன். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அன்று கேமரா எங்கள் கைக்கு எட்டாத பொருள். வீட்டுக்கு வந்ததும் பிஸ்டனை எடுத்து அவன் கையில் கொடுத்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் கதை சொன்னேன்.

என் மேஸ்திரி இன்று இல்லை. அவரோடு பக்கத்து பிட்டில் நின்ற பாய் அண்ணன் இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே டைமிங் சொல்லும் திருவொற்றியூர் அண்ணன்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். இரவல் மண்ணில் நடந்ததற்கு ஆவணம் என்று இருப்பது நம்மிடம் மட்டும்தான்.

ஆகவே உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், அப்பாவின் டூல் பாக்ஸ் அடியில் தேடிப் பாருங்கள். சோழவரத்துப் புகைப்படம், பந்தய நிகழ்ச்சிப் புத்தகம், கைப்பட்டை, நுழைவுச்சீட்டு, வண்டியில் ஒட்டிய நம்பர் தகடு, எது கிடைத்தாலும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படமாக இருந்தால் பின்பக்கம் பென்சிலால் அதில் இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். ஓட்டியவர் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், வண்டிக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கிறவர் பெயரையும் எழுதுங்கள். பொருள் இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்து பேசுங்கள், பதிவு செய்துகொள்ளத் தம்பிகள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் இதற்கென்று ஒரு கண்ணாடி அலமாரி வாங்கி வைத்திருக்கிறோம். நான்கு கோடு விழுந்த அந்த யெஸ்டி பிஸ்டனைச் சென்ற வாரம் அதன் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். மற்ற தட்டுகள் காலியாக இருக்கின்றன.